தண்ணீர் கேட்காத பிள்ளை

கம்பத்திலிருந்து மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகும் ஜீப்புகளில் யாரும் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. ஏறுவதற்கு முன் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். மெட்டு ரோட்டில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், பின்னால் வரிசையாக மற்ற ஜீப்புகள். நடுவில் நிறுத்த இடம் கிடையாது. ஒருத்திக்காக நிறுத்தினால் எல்லாருக்கும் நேரமாகும். நேரமானால் தோட்டத்தில் பாதி நாள் கூலிதான். மேலே போய் இறங்கினாலும் மறைவிடம் தேடுவது கஷ்டம். அதனால் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு ஏறுவார்கள். மதியச் சோற்றுக்குத்தான் தண்ணீர்.

நான் நான்கு வருடம் அந்த ஜீப் ஓட்டினேன். புதிதாக வரும் பெண் யாராவது மூன்றாவது வளைவில், "அண்ணே, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்கண்ணே" என்று முனகுவாள். பின்னாலிருந்து பழைய ஆட்கள் கிண்டலை ஆரம்பித்துவிடுவார்கள்.

"ஏ ஆத்தா, நீ என்ன குடத்தக் கவுத்துக் குடிச்சிட்டா வந்த?"

"அடக்கி வையிடி. செக்போஸ்ட் தாண்டுனா மறந்து போயிரும்."

எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிரேக்கில் கால் வைத்தது கிடையாது.

எட்டாவது வரைதான் படித்தேன். அதற்கப்புறம் திருப்பூரில் பனியன் கம்பெனி, போர்வெல் லாரியில் மூன்று மாநிலம், கோட்டயத்தில் டீக்கடை, பிறகு இந்த ஜீப். ஓர் இடத்தில் இரண்டு தீபாவளி கழிந்தால் எனக்குக் கால் தரிக்காது. ஜீப்பில் நான் அதிக நாள் இருந்ததற்குக் காரணம், அதில் ஏறிய ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டதுதான். நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட வண்டியை நிறுத்தச் சொல்லாதவள் அவள்.

மகள் பிறந்து இரண்டு வருடம் அவள் வீட்டில் இருந்தாள். அப்புறம் மறுபடியும் மலைக்குப் போகத் தொடங்கினாள். இருவர் சம்பாதித்தால்தான் அடுப்பு எரியும் வீடு எங்களுடையது. இதில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. நான் ஜீப்பை விட்டுவிட்டுக் கம்பத்தில் வாழைத்தார் ஏற்றும் லோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புவாள். அதற்கப்புறம் பிள்ளை என் பொறுப்பு.

சுருளிப்பட்டிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் தெரு. பால்வாடி கூப்பிடு தூரத்தில். ஆனால் பால்வாடி திறக்க ஒன்பதரை ஆகும். எனக்கு லோடு ஏழு மணிக்கு. அந்த இரண்டரை மணி நேரம் பிள்ளை ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். தார் ஏற்றும் சத்தத்திலேயே தூங்கிப் போவாள். ஒன்பதரைக்குக் கொண்டுபோய் விட்டால், பால்வாடி ஆயா அவள் தலையைத் தொட்டுப் பார்த்து, "இந்தா, வாழமட்டை வந்திருச்சு" என்பார். அவள் சட்டையெல்லாம் வாழைப்பால் கறை.

ஆயாவுக்கு ஐம்பது தாண்டிய வயது, முட்டிவலி. பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் கொடுப்பதிலிருந்து கால் கழுவி விடுவது வரை எல்லாம் அவர்தான். டீச்சர் நல்லவர். ஆனால் ஆள் இல்லாத இன்னொரு பால்வாடியையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள். இங்கே பாதி நாள், அங்கே பாதி நாள். இடையில் மீட்டிங், கணக்கெடுப்பு, போனில் படம் ஏற்றுகிற வேலை. வாரத்தில் ஒரு நாளாவது ஆயாவிடமிருந்து போன் வரும்.

"ஏப்பா, டீச்சரு மீட்டிங் போயிட்டாக. சீக்கிரம் பூட்டச் சொல்லிட்டாக. பாப்பாவ வந்து கூட்டிட்டுப் போ."

நான் அப்போது உத்தமபாளையத்தில் லோடு இறக்கிக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை நான் வந்து சேர ஐந்து மணியாகிவிட்டது. பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் ஆயா உட்கார்ந்திருந்தார். மகள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். அவர் கையை ஆட்டினார்.

"கத சொல்லாத. நான் ஒண்ணு சொல்றேன் கேளு. காலைல ஆறு மணிக்கே எங்க வீட்டுல விட்டுரு. பால்வாடிக்கு நானே கூட்டிட்டுப் போறேன். பூட்டுனதும் எங்கூடவே கூட்டிட்டுப் போறேன். உம் பொண்டாட்டி எறங்குனதும் வந்து தூக்கிக்கிறட்டும். எனக்கு உன்னால ஆனதக் குடு."

மனைவி உடனே சரி என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். மார்க்கெட்டில் என்கூட வண்டி ஓட்டுகிறவர்கள், "என்னப்பா, உம் புள்ள கலெக்டராகுறதுக்குப் பால்வாடிலயா படிக்குது?" என்று ஒரு நாள் கேட்டிருந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். அந்தக் கேலி எனக்குள் எங்கோ போய் உட்கார்ந்துகொண்டது. ஆயா வீட்டில் வளர்ந்தால் பிள்ளை என்ன கற்றுக்கொள்ளும் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அன்று எங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல ஏற்பாடு அதுதான்.

கம்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ப்ளே ஸ்கூல் இருந்தது. சுவரெல்லாம் யானை, ஒட்டகச்சிவிங்கி. பிளாஸ்டிக் சறுக்கு. காலை எட்டிலிருந்து மாலை ஐந்தரை வரை பார்த்துக்கொள்வார்கள். இரண்டு அறை, பதினெட்டுப் பிள்ளைகள், ஒரு பாத்ரூம், இரண்டு மிஸ். மிஸ் என்றாலும் இரண்டும் சின்னப் பெண்கள். அதில் ஒருத்தி கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை போட்டிருப்பாள். பக்கத்து வேதக்காரர் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். மகள் முதல் நாளே அவள் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

பள்ளியை நடத்தியவரை எல்லாரும் மேடம் என்போம். பீஸ் எவ்வளவு என்று அவர் சொன்னதும் நான் மனதுக்குள் மனைவியின் கூலியை வைத்துப் பார்த்தேன். பத்து நாள் காய் எடுத்த காசு அப்படியே இங்கே வந்துவிடும். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார்.

"கட்டட வாடகை, கரண்ட்டு, இந்தப் பொண்ணுக சம்பளம், எல்லாம் இதுலதான் சார். இதுக்கு மேல ஏத்துனா நீங்களே வர மாட்டீங்க. இதுக்குக் கீழ எறக்குனா நான் பூட்டிட்டுப் போகணும்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பிள்ளை தானாகச் சொல்லி ஒன்றுக்குப் போகப் பழகியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு நாளைக்கு மூன்று டயபர் நாங்கள் கொடுத்துவிட வேண்டும்.

முதல் மாதம் வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது மாதம் முடியவில்லை. பழகிவிட்டாள் என்று சொல்லி வெறும் ஜட்டியோடு அனுப்பினேன். அவளுக்கு அப்போது இரண்டரை வயது கடந்திருந்தது. அந்த வாரம் மூன்று தடவை பாயை நனைத்தாள். மேடம் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். ஒரு பாப்பாவக் கழுவப் போனா மிச்சத்த யாரு பாக்குறது? இன்னொரு தடவ ஆச்சுன்னா ஒரு மாசம் வீட்ல வச்சுப் பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க."

ஒரு மாதம் வீட்டில் வைப்பது என்றால் மனைவி வேலைக்குப் போக முடியாது. ஜீப்பில் ஒரு வாரம் வராதவள் இடத்தில் வேறு ஒருத்தியை ஏற்றிவிடுவார்கள். அப்புறம் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும். நானே எத்தனையோ பேரை அப்படி மாற்றி ஏற்றியிருக்கிறேன்.

மறுநாள் காலை இட்லி ஊட்டினேன். மகள் தண்ணீர் கேட்டாள். டம்ளரைக் கையில் எடுத்தவன் கீழே வைத்துவிட்டேன்.

"ஜீப்பு ஏறப் போறவுக தண்ணி குடிக்க மாட்டாக தாயி."

"அம்மா?"

"அம்மாவும் குடிக்க மாட்டா."

அவளுக்கு அது பிடித்துப்போய்விட்டது. லோடு ஆட்டோவை ஜீப் என்றாள். சீட்டில் ஏறி உட்கார்ந்து, "நான் தண்ணி குடிக்கல. ஜீப்பு எடு" என்றாள். ஸ்கூல் வாசலில் இறக்கிவிடும்போது காதோடு சொன்னேன்: மிஸ் கொடுத்தாலும் குடிக்காதே, சாயங்காலம் அப்பா வந்து தருவேன். பெரிய ரகசியம் கிடைத்தவள்போலத் தலையாட்டினாள்.

ஐந்தரைக்குப் போனால் ஓடி வருவாள். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுப்பேன். மூச்சு விடாமல் குடிப்பாள். மிச்சத்தை வழியில் ரோட்டோரம் கொட்டிவிடுவேன். பாட்டில் காலியாக வீட்டுக்குப் போனால் மனைவி ஒன்றும் கேட்க மாட்டாள். அந்த வயதில் ஒரு பிள்ளை சொன்ன சொல் கேட்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

பாய் நனையவில்லை. மேடம், "பாப்பா சூப்பராப் பழகிட்டா சார்" என்றார்.

சிலுவை போட்ட மிஸ் மட்டும் ஒரு நாள் மாடிப்படி வரை இறங்கி வந்தாள்.

"அண்ணே, பாப்பா தண்ணியே குடிக்க மாட்டேங்கிறா. குடுத்தா வாய இறுக்கி மூடிக்கிறா. வீட்டுல குடிப்பாளா?"

"வீட்டுல நல்லாத்தாம்மா குடிப்பா. புது எடமில்ல, அதான்."

"சரிண்ணே. நான் ஸ்பூன்ல கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பாக்குறேன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தப் பெண் யோசித்து ஏதாவது வழி செய்திருப்பாள். எனக்கு அன்று அவசரம். கீழே வண்டியில் தார் வெயிலில் கிடந்தது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்றுக்குப் போக உட்கார வைத்தால் அலறினாள். "எரியுதும்மா, எரியுதும்மா" என்று மனைவியின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கம்பத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவா?"

மனைவி என்னைப் பார்த்தாள். விடியும் முன் போய்ப் பொழுது சாய வருகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? நான் டாக்டரம்மாவின் மேஜையைப் பார்த்தேன். எங்கள் பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறாள் என்று பெற்ற இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை.

"தண்ணி ஒழுங்காக் குடிக்கல. அடக்கி அடக்கி வச்சிருக்கா. அதுல வந்த இன்ஃபெக்‌ஷன்" என்றார் அவர். மூன்று நாள் படுக்கையில் வைத்திருந்தார்கள். கையில் ஊசி குத்திய இடத்தைக் காட்டி மகள் என்னிடம் கேட்டாள்: "இப்பத் தண்ணி குடிக்கலாமாப்பா?" மனைவி அப்போது மருந்து வாங்கப் போயிருந்தாள். "குடி தாயி, நல்லாக் குடி" என்றேன். அவள் இரண்டு வாய் குடித்துவிட்டுப் போதும் என்றாள்.

நான்காம் நாள் மனைவி மலைக்குப் போகவில்லை. நேராக ப்ளே ஸ்கூல் மாடிக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போய்ப் படியில் நின்றேன். பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்த சிலுவை மிஸ்ஸைப் பார்த்ததும் அவள் கத்த ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன்டி, ஒரு புள்ளைக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க உனக்குக் கை ஒடிஞ்சா போச்சு? வாங்குற காசுக்கு என்னதான் செய்யிறீக இங்கன?"

அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

"குடுத்தேங்கக்கா. அவதான் குடிக்க மாட்டேன்னுட்டா. அண்ணங்கிட்ட அன்னைக்கே சொன்னேனே."

மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். மேடம் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். இப்போது இவர் சொல்லிவிடுவார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது.

"இவ சொன்னாளா?" என்றாள் மனைவி.

"ஞாபகம் இல்ல" என்றேன்.

இரண்டு சொல்தான். பட்டினி கிடந்திருக்கிறேன், போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன், போர்வெல் லாரியில் விரல் நசுங்கியிருக்கிறது. அதெல்லாம் நடந்தது, போனது. இந்த இரண்டு சொல் போகவில்லை.

அந்தப் பெண் குனிந்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டாள். மற்ற பெற்றோர் காதுக்குப் பேச்சு போய்விட்டது. அடுத்த வாரம் மிச்சப் பீஸ் விஷயமாகப் போனபோது அவள் அங்கே இல்லை. வேறு ஒரு சின்னப் பெண் இருந்தாள். "அலட்சியமா இருந்தா வச்சுக்க முடியுமா சார்?" என்றார் மேடம். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிள்ளையை மறுபடியும் பால்வாடியில் சேர்த்தோம். ஆயா சொன்ன ஏற்பாட்டையே செய்தோம். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டில் விட்டோம். ஒரு வாரம் கூட ஆகவில்லை, ஆயா என்னை வாசலில் நிறுத்தினார்.

"ஏலே, புள்ளைக்குத் தண்ணி குடுத்தா ஜீப்பு ஏறுறவுக குடிக்க மாட்டாகங்குது. யாரு சொல்லிக் குடுத்தது?"

நான் வண்டிச் சாவியைத் துழாவினேன். அவருக்கு அதுவே போதும்.

"பாவி" என்றார். பிறகு, "உம் பொண்டாட்டிகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்" என்றார்.

சொல்லவில்லை. மகள் அதே சொல்லை மனைவியிடமும் ஒரு நாள் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு மனைவி என்னிடம் வந்து அழுதாள். "நான் காலைல தண்ணி குடிக்காமக் கெளம்புறதப் பாத்துப் பாத்துத்தான் புள்ள கத்துக்கிருச்சுங்க. நான் ஒரு பைத்தியக்காரி. அந்தப் பொண்ண வேற அப்படிப் பேசிட்டேன்." அப்போதாவது சொல்லியிருக்கலாம். "விடு, சின்னப் புள்ளதானே" என்று மட்டும் சொன்னேன்.

அதிலிருந்து மனைவி ஒரு செம்புத் தண்ணீரை மகள் முன்னால் நின்று குடித்துவிட்டுத்தான் ஜீப் ஏறுகிறாள். வழியில் அவள் படும் பாடு எனக்குத் தெரியும்.

மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. உடம்பு தேறிவிட்டது. ஆனால் பள்ளிக்கு எடுத்துப் போகும் பாட்டில் இன்றும் பாதிக்கு மேல் நிரம்பியே திரும்பி வருகிறது. கேட்டால், "தாகமா இல்லப்பா" என்கிறாள். ஆயா ஓய்வு பெற்றுவிட்டார். அந்த இடத்துக்கு ரொம்ப நாள் ஆள் போடவில்லை; டீச்சர் ஒருவரே சமைத்து, ஊட்டி, கழுவி, போனில் படமும் ஏற்றிக்கொண்டிருந்தார். ப்ளே ஸ்கூல் இருந்த மாடியில் இப்போது வேறு ஏதோ ஆபீஸ். யானையும் ஒட்டகச்சிவிங்கியும் சுவரில் அப்படியே இருக்கின்றன.

நான் லோடு ஆட்டோவை விட்டு, நடுவில் ஓர் ஆறு மாதம் கோயம்புத்தூர் போய்விட்டு, திரும்பவும் ஜீப்புக்கே வந்துவிட்டேன். மனைவி வேறு தோட்டத்து ஜீப்பில் போகிறாள்.

இந்தச் சீசனில் ஒரு நாள் காலை என் ஜீப்பில் புதிதாக ஒரு பெண் ஏறினாள். தலையில் துண்டு, மேலே ஆம்பிளைச் சட்டை. எனக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடியில் பார்த்தபோது சட்டைக் காலருக்குள் கறுப்புக் கயிறு தெரிந்தது.

"அண்ணே, நீங்களா?" என்றாள் அவளே. முகத்தில் கோபம் எதுவும் இல்லை. "பாப்பா எப்படி இருக்கா?"

"ரெண்டாப்புப் படிக்குதும்மா."

"இப்பத் தண்ணி குடிக்கிறாளா?"

"குடிக்குது" என்றேன்.

"நல்லதுண்ணே. எனக்கு ரொம்ப நாள் அதே நெனப்பு. கொஞ்சம் வற்புறுத்திக் குடுத்திருக்கலாமோன்னு." அவள் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். "அங்கருந்து நின்னப்புறம் வேற ஸ்கூல்ல கேட்டேன், எடுக்கல. இங்கன கூலி பரவால்லண்ணே. அங்கன மிஸ்ஸுன்னு கூப்புட்டாக, அம்புட்டுத்தான்."

பக்கத்திலிருந்த அக்கா சிரித்தாள். "வா மிஸ்ஸு, ஏலச்செடிக்கு ஏபிசிடி சொல்லிக் குடு."

வண்டி ஊரைத் தாண்டியது. என் பக்கத்தில் ஒரு பாட்டில் தண்ணீர் இருந்தது. அதை எடுத்துப் பின்னால் நீட்டினேன். சொல்ல நினைத்தது வேறு. வாயில் வந்தது, "தண்ணி வேணுமாம்மா?"

"ஐயோ, வேணாண்ணே. ஜீப்பு ஏறுனா குடிக்கக் கூடாதுன்னு அக்காமாரு சொன்னாக."

பாட்டிலைப் பழைய இடத்தில் வைத்தேன். வளைவுகள் ஏறி முடியும் இடத்தில் ஒரு டீக்கடை இருக்கிறது. பின்னால் கதவு போட்ட கக்கூஸ் உண்டு. எத்தனையோ வருடம் அந்தக் கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். அன்று அதன் முன்னால் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தேன்.

"என்ன டிரைவரே, பஞ்சரா?"

"இல்ல. யாராவது போறதுன்னா போயிட்டு வாங்க."

பின்னால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். எங்களைத் தாண்டி இரண்டு ஜீப்புகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. ஐந்து நிமிடம் நின்றிருப்பேன். யாரும் இறங்கவில்லை.

"நேரமாச்சு, எடுங்கண்ணே" என்றாள் அந்தப் பெண்.

எடுத்தேன்.